ஏழாம் நம்பர் மலையின் வெள்ளைக்கல்

1957 செப்டம்பர் 13, வெள்ளி

இன்றைக்கு ஏழாம் நம்பர் மலையில் தேயிலைச் செடி வெட்டுக்கு முன்னால் கவ்வாத்துச் சாமிக்குப் பூசை. இருந்தவர்கள்: பழனியாண்டிக் கங்காணி. தண்ணீர்க் கான் வெட்டுகிற சின்னத்தம்பி. பக்கத்துக் காம்பரா வீட்டு வீரம்மா, கையில் பொங்கல் சட்டி. என் மருமகள் அழகம்மா, இடுப்பில் பேத்தி பூவாயி. கத்திக்காரர்கள் ஐந்து பேர்: வீரய்யா, முத்துலிங்கம், இராக்கன், பெரிய சடையன், சின்னச் சடையன். அப்புறம் நான், பேச்சியம்மா. என் மகன் செல்லசாமி வரவில்லை. அவனுக்கு மேலே நேவிக்காரர்களின் ஒயர்லஸ் கொட்டகையில் வேலை.

யார் யார் இருந்தார்கள் என்று எழுதி வைப்பது என் வழக்கம். என் மூத்தவனுக்குக் காய்ச்சல் முற்றிய அன்று, டிஸ்பென்சரிக்குத் தூக்கிப் போக ஆள் கேட்டபோது எங்கள் லயத்து வீட்டு வரிசையில் ஏழு ஆம்பிளைகள் இருந்தார்கள். அவன் செத்த பிறகு கேட்டால் அந்த ஏழு பேரும் அன்றைக்கு ஊரிலேயே இல்லையாம். இரண்டாம் வகுப்பு எழுத்து எனக்குப் போதும். பெயரும் தேதியும் எழுத அதற்குமேல் படிப்பு எதற்கு?

பழைய சாமிக்கல் போன மழையில் மண்ணோடு சரிந்து ஆற்றுக்குப் போய்விட்டது. கங்காணி ஒரு கோணல் கல்லைக் காலால் உருட்டிக்கொண்டு வந்தார்.

"இது போதும். சாமிக்கு என்ன, பொண்ணா பாக்கப் போறோம்?"

"காலால உருட்டின கல்லை நீங்களே கும்பிட்டுக்குங்க. நான் வரல" என்றேன்.

கத்தி பிடிக்கிறவர்கள் முகம் மாறிப் போயிற்று. பூசை சரியில்லாமல் கவ்வாத்தில் கை வைத்தால் யார் விரலாவது போகும். மலை நெடுக நேவிக்காரர்கள் நட்ட வெள்ளைக்கற்கள் வரிசையாக நிற்கின்றன. முழங்கால் உயரம், நாலு பக்கமும் செதுக்கி, சுண்ணாம்பு அடித்தது. மண்ணுக்குள் அவர்களுடைய கம்பி போகிறது, அதற்கு அடையாளம். அதில் ஒன்றைக் காட்டி, இதை எடு என்றேன்.

சின்னத்தம்பி தயங்கினான். "அக்கா, அது துரைமார் கல்லு."

"கல்லுல ஏதுடா துரை? அதுவும் மலையில பொறந்ததுதான்."

அவனும் வீரய்யாவும் இரும்பு அலவாங்கு போட்டு நெம்பினார்கள். பதினைந்து தப்படி தூக்கிப்போய்ச் சவுக்கு மரத்தடியில் வைத்தார்கள். நான்தான் மஞ்சள்தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். சந்தனம், குங்குமம், ஒரு சேவல். லட்சணமான சாமி. முதலில் விழுந்து கும்பிட்டது பழனியாண்டிக் கங்காணி. அதையும் எழுதி வைக்கிறேன்.


1957 செப்டம்பர் 15

செல்லசாமி சாயந்திரம் வந்து கால் கழுவிக்கொண்டே சொன்னான்: "ஏழாம் நம்பர்ல கல்லைப் பாத்தேன்."

"சாமியைப் பாத்தேன்னு சொல்லு."

"யாரும்மா எடுத்து வச்சது?"

"ஊரு."

"அந்த ஊருக்கு யாரு தலைமை?" என்று என்னையே பார்த்தான். நான் ரொட்டியைத் திருப்பிப் போட்டேன்.

அவனுடைய வேலை அந்தக் கம்பியைப் பார்த்துக்கொள்வது. கிழமைக்கு ஒருதரம் கொட்டகையிலிருந்து ரோட்டு வரைக்கும் நடந்து, கல்லை எண்ணி, கொப்பியில் கையெழுத்துப் போட வேண்டும். கொட்டகைக்குள்ளே என்ன இருக்கிறது என்று மூன்று வருடமாகக் கேட்கிறேன். சொல்லக்கூடாது, பேப்பரில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்பான். பெத்தவளிடமும் சொல்லக்கூடாது என்று எந்தப் பேப்பரில் எழுதியிருக்கிறது என்றால், அந்தப் பேப்பரில்தான் என்பான்.

இன்றைக்கு இவ்வளவு மட்டும் சொன்னான். திருகோணமலைப் பக்கம் கடலில் நிற்கிற கப்பல்களின் பேச்சு இந்த மலை வழியாகத்தான் கொழும்புக்குப் போகிறதாம். "காத்துல கம்பம் விழுந்துச்சுன்னா மண்ணுக்குள்ள இருக்கிற கம்பி பேசும். கம்பி செத்துச்சுன்னா கம்பம் பேசும். ரெண்டும் ஒரே நாள்ல சாகக்கூடாது. அதுதாம்மா கணக்கு."

"ரெண்டு பொண்டாட்டிக்காரன் கணக்கு" என்றேன். அழகம்மா அடுப்படியில் சிரித்தாள்.

அவன் சிரிக்கவில்லை. "அந்தக் கல்லுகிட்டதான் கம்பி பாறையைச் சுத்தி வளைஞ்சு போகுது. சாமின்னு ஆனப்புறம் நான் எப்படிப் புடுங்குவேன்?" என்றான். பிறகு தானாகவே சமாதானம் சொல்லிக்கொண்டான். "முப்பத்தொரு கல்லு இருக்கணும். எண்ணினா முப்பத்தொண்ணு இருக்கு."

கையெழுத்துப் போட்டுவிட்டானாம்.


1957 ஒக்டோபர் 9

ஏழாம் நம்பரில் தண்ணீர் வடியக் கான் வெட்டி முடித்தார்கள். பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது சின்னத்தம்பி சொன்னான்: "பாறை ஓரம் அலவாங்கு ஒரு வேருல குத்திருச்சுக்கா. கறுப்பு வேரு, கெட்டி. மண்ணைத் தள்ளி மூடிட்டேன்." எந்த மரத்து வேர் என்று நான் கேட்கவில்லை. அந்தப் பாறைக்குப் பக்கத்தில் மரமே கிடையாது.


1957 ஒக்டோபர் 29

விடிகாலை பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிறவர்கள் எல்லாரும் வழியிலேயே நின்றுவிட்டார்கள். வானத்தில் ஒரு வெள்ளி நடந்து போனது. ரஷ்யாக்காரன் விட்டதாம். பழனியாண்டிக் கங்காணி, "பேரு போட மாட்டேன், நடங்க" என்று கத்திக்கொண்டே தானும் அண்ணாந்து பார்த்தார்.

செல்லசாமி என் காதுக்குள் சொன்னான்: "அது பேசுச்சும்மா. எங்க கொட்டகையில கேட்டோம். கோழிக்குஞ்சு மாதிரி."

"சொல்லக்கூடாதுன்னியே?"

"அது எங்க ரகசியமில்லை. ரஷ்யாக்காரன் ரகசியம்."

மூன்று வருடத்தில், கொட்டகைக்குள்ளே கேட்டது என்று அவன் என்னிடம் சொன்ன ஒரே சேதி.


1957 நவம்பர் 8

நாயை வைத்து இன்னொன்று அனுப்பியிருக்கிறார்களாம். திரும்பி வருமா என்று பூவாயி கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.


1957 டிசம்பர் 26

நாலு நாளாக மழை. கொழுந்து இல்லை. நான் பிள்ளை பார்க்கிற பிள்ளைக்காம்பராவில் பிள்ளைகளும் இல்லை, எனக்கும் வேலை இல்லை. கூரைத் தகரம் இரண்டு பறந்துவிட்டது. நேற்று மத்தியானம் மேலே பெரிய சத்தம். நேவிக் கம்பம் விழுந்தது. செல்லசாமி சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினான். இன்னும் வரவில்லை.


1957 டிசம்பர் 28

வந்தான். உதடு நீலமாக இருந்தது. கம்பம் விழுந்ததும் மண்ணுக்குள் போன கம்பியில் பேசப் பார்த்தார்களாம். பேசவில்லை. ஒரு பகலும் ஒரு ராவும் அந்த மலைக்குப் பேச்சே இல்லை.

"கப்பலுக்கு என்னடா ஆச்சு?" என்றேன்.

"சொல்லக்கூடாது" என்றான். அவனுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன்.


1958 ஜனவரி 6

கம்பி நெடுக ஆள் விட்டுத் தோண்டினார்கள். பாறை ஓரம், கல் நின்ற இடத்தில் அலவாங்கு குத்தின ஓட்டை. ஈயத்தோல் கிழிந்து தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. நாசவேலை என்கிறார்கள். நேவியிலிருந்து ஒரு வெள்ளைக்காரத் துரையும், விமலசூரிய என்கிற சிங்கள அதிகாரி மாத்தயாவும் வந்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை தோட்டத்து ஒப்பீஸில் விசாரணை.

கல்லைச் சவுக்கு மரத்தடியிலிருந்து எடுத்துப் போனார்கள். குங்குமத்தைக் கழுவவில்லை.


1958 ஜனவரி 8

வீரய்யாவைக் கேட்டேன். பூசை அன்றைக்கு அவனுக்கு வயிற்றுவலியாம், மலைக்கே வரவில்லையாம். முத்துலிங்கம் நோர்வூட்டுக்குப் போயிருந்தானாம். சடையன்மார் இருவரும் ஒரே பதில்: "ஞாபகம் இல்லை ஆத்தா." சின்னத்தம்பி கதவையே திறக்கவில்லை. வீரம்மா மட்டும் சொன்னாள்: "நான் இருந்தேன்க்கா. ஆனா நான் இருந்தேன்னு சொன்னா என்னையும் தோட்டத்தைவிட்டு வெளியேத்திருவாங்க. நாலு பிள்ளைய வச்சுக்கிட்டு எங்க போவேன்?"

எல்லாரும் பொங்கல் தின்றார்கள். இராக்கன் இரண்டு தரம் வாங்கினான்.

பழனியாண்டிக் கங்காணி வந்து வாசலில் நின்றார். "அம்மா, நீங்க ஒப்பீஸ் பக்கம் வராதீங்க. அது சாமி காரியம்னு நான் எடுத்துச் சொல்றேன். துரை என் பேச்சைக் கேப்பாரு."

என் கல்யாணத்துக்கு ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து மூன்று நாள் சாப்பிட்ட மனிதர் இவர். அவர் முகத்தைப் பார்த்தேன். சரி என்றேன்.

சரி என்றது அவருக்கு. எனக்கு இல்லை. கொப்பியை எடுத்துப் பார்த்தேன். எல்லாப் பெயரும் இருக்கிறது. என் பெயரும் இருக்கிறது. எடு என்று சொன்னவள் நான். அதையும் எழுதியிருக்கிறேன்.


1958 ஜனவரி 10, வெள்ளி

இருந்தவர்கள்: நேவி வெள்ளைக்காரத் துரை. விமலசூரிய மாத்தயா. எங்கள் பெரிய துரை. பெரிய கிளாக்கர். பழனியாண்டிக் கங்காணி. என் மகன் செல்லசாமி. நான். வாசலுக்கு வெளியே அழகம்மா. மேசையில் கல்.

கொப்பியை மடியில் கட்டிக்கொண்டு போனேன். கிளாக்கர் தடுத்தார். மாத்தயா, "அம்மேவ விடுங்க" என்று சொல்லி உள்ளே கூப்பிட்டார். நல்ல மனிதர். தமிழ் பேசினார், உடைந்த தமிழ்.

அதற்கு முன்னால் கங்காணியைக் கேட்டிருக்கிறார்கள். பூசை எதுவும் நடக்கவில்லை என்றாராம். நடந்திருந்தால் தனக்குத் தெரியாமல் இருக்காது என்றாராம்.

நான் கொப்பியை மேசையில் வைத்தேன். "எல்லாரும் இருந்தாங்க. தேதியோட எழுதியிருக்கேன். கல்லை எடுக்கச் சொன்னது..."

அதற்குமேல் என்னைச் சொல்ல விடவில்லை. செல்லசாமி எழுந்து நின்றான். நான் பெத்த பிள்ளை, அவன் குரல் எனக்குத் தெரியும். அது அவன் குரலாக இல்லை. பெரட்டில் பேர் சொல்வது மாதிரி இருந்தது.

"மாத்தயா, எங்க அம்மாவுக்கு ஞாபகம் தப்பிப் போச்சு. ஒரு வருஷமா இப்படித்தான். நடக்காததை நடந்துச்சுன்னு எதையாவது எழுதிக்கிட்டே இருப்பாங்க. கல்லை நான்தான் எடுத்து வச்சேன். பாறை ஓரம் குத்தினதும் நான்தான். தெரியாமக் குத்திட்டேன். பயந்துக்கிட்டு மூடிட்டேன். கணக்குச் சரின்னு கையெழுத்துப் போட்டேன்."

உடனே கங்காணி பிடித்துக்கொண்டார். "ஆமாங்க, அந்தம்மா கொஞ்ச நாளா அப்படித்தான். பாவம்."

"எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு" என்றேன். ஞாபகம் தப்பினவளும் அதைத்தான் சொல்வாள்.

மாத்தயா வெள்ளைக்காரருக்கு இங்கிலீசில் சொன்னார். வெள்ளைக்காரர் என் கொப்பியைப் புரட்டினார். தலைகீழாகப் பிடித்திருந்தார். பிறகு மூடி, இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார், சின்னப் பிள்ளைக்குப் பொம்மை கொடுக்கிற மாதிரி. மாத்தயா கேட்டார்: "அம்மே, மகன் சொல்றது சரிதானே?"

இன்னொரு தரம் கேட்டார்.

செல்லசாமி என்னைப் பார்த்தான். நான் கல்லைப் பார்த்தேன். அதில் நான் தடவிய சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது.

கொப்பியை மறுபடி மடியில் கட்டிக்கொண்டேன்.

வெளியே வந்ததும் அழகம்மா என் கையைப் பிடித்து உலுக்கினாள். "வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமே அத்தை. கொப்பிதான் இருந்துச்சே. ஏன் சொல்லல?"

ஏன் சொல்லவில்லை? தெரியவில்லை. இப்போதும் உட்கார்ந்து யோசிக்கிறேன். தெரியவில்லை.


1958 ஜனவரி 11

ஒன்றும் சமைக்கவில்லை. யாரும் கேட்கவில்லை.


1958 பெப்ரவரி 3

நாசவேலை இல்லை, கவனக்குறைவு என்று முடித்தார்கள். சிறை இல்லை. மாத்தயா பேசினாராம். நேவி வேலை போயிற்று. பொலிஸ் கொப்பியில் பெயர் ஏறியது. தோட்டமும் பேரை வெட்டிப் பத்துச்சீட்டு கொடுத்துவிட்டது. அந்தச் சீட்டைக் கையில் வைத்திருப்பவனை வேறு தோட்டத்தில் சேர்ப்பார்களா என்று பார்க்கலாம்.

மலை பேசாமல் போன அந்த ஒரு நாளில் என்ன நஷ்டம் என்று யாரும் சொல்லவில்லை. அதுவும் ரகசியமாம்.


1958 மார்ச் 19

பீலியில் வீரம்மா, "அக்கா, நான் யாருன்னு தெரியுதா?" என்றாள். விளையாட்டுக்குத்தான். மற்றவர்கள் சிரித்தார்கள்.

"உன் புருஷன் உன்னை விட்டுட்டு ராகலைக்கு ஓடினது நாப்பத்தொன்பது, ஆடி பதினெட்டு, செவ்வாய்க்கிழமை. திரும்பி வந்தப்போ அவன் போட்டிருந்த சட்டை எம் மகன் சட்டை. இன்னும் திருப்பித் தரல" என்றேன்.

சிரிப்பு நின்றது. ஆனால் குடத்தைத் தூக்கிக்கொண்டு நான் திரும்பியதும் யாரோ மெதுவாகச் சொன்னது கேட்டது. "பாவம், பழசெல்லாம் ஞாபகம் இருக்கும். புதுசுதான் நிக்காது."

பிள்ளைக்காம்பராவிலிருந்தும் என்னை நிறுத்திவிட்டார்கள். ஞாபகம் இல்லாதவளிடம் எப்படிப் பிள்ளைகளை விடுவது? இரண்டு தாய்மார் துரையிடம் போய்ச் சொன்னார்களாம். யார் என்று தெரியும். எழுதவில்லை.


1958 ஜூன் 2

கீழே ஊர்களில் தமிழர்களை அடிக்கிறார்களாம், கலவரமாம். லயத்துக் கதவை யாரும் திறப்பதில்லை. செல்லசாமி நாலு தோட்டம் ஏறி இறங்கினான். சேர்க்கவில்லை. கினிகத்தேனையில் ஒரு கடையில் மூட்டை தூக்கினான், அதுவும் இப்போது மூடிக் கிடக்கிறது.

ஒரே காம்பராவில் நாலு பேர். நானும் அவனும் பேசிக்கொள்வது: "தண்ணி இருக்கா?" "இருக்கு."


1959 மார்ச் 11

தோட்டத்து ஆட்கள் இந்த நாட்டுப் பிரஜை இல்லை என்று சொன்ன பிறகு நாங்கள் போட்ட பிரஜாவுரிமை மனு. ஐம்பத்தொன்றில் அவனுக்கும் அழகம்மாவுக்கும் சேர்த்து ஒன்று. எனக்கு, விதவை என்று தனியாக ஒன்று. அன்றைக்கு எழுதிக் கொடுத்தது நோர்வூட் அன்ஸார் முதலாளி. தன் கடை மேசையிலேயே வைத்து எழுதினார், ஒரு டீகூட வாங்கிக் கொடுத்தார்.

எட்டு வருடம் கழித்து அவனுக்குக் கடிதம் வந்தது. நிலையான வேலை இல்லை, பொலிஸ் எழுத்து இருக்கிறது, தள்ளுபடி.

எனக்கு ஒன்றும் வரவில்லை.


1959 ஏப்ரல் 2

இந்தியாவுக்குப் போவது என்று முடிவாயிற்று. வால்பாறைப் பக்கம் தேயிலை இருக்கிறதாம், ஆள் எடுக்கிறார்களாம்.

நானும் வருகிறேன் என்றேன். பதினான்கு மாதத்தில் நான் அவனிடம் சொன்ன நீளமான பேச்சு அதுதான்.

"வேணாம். நீங்க இப்ப போனா உங்க மனு செத்துரும்."

"சாகட்டும்."

"இல்லைம்மா" என்றான். அவ்வளவுதான். காரணம் சொல்லவில்லை. அழகம்மா, "அத்தைய தனியா விட்டுட்டா?" என்று அழுதாள். அவன் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். முடிச்சு சரியாக விழும்வரை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினான்.


1959 ஓகஸ்ட் 20

அட்டன் ஸ்டேசனுக்கு வந்தவர்கள்: நான். சின்னத்தம்பி. வேறு யாரும் இல்லை.

சின்னத்தம்பி பெட்டியை ரயிலில் ஏற்றிவிட்டு, செல்லசாமியின் காலில் விழப் போனான். செல்லசாமி அவன் தோளைப் பிடித்து நிறுத்தி, "போடா, ரயில் புகையில கண்ணு எரியுது" என்றான். புகை அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

பூவாயி என்னிடம், "நீங்க எப்ப வருவீங்க?" என்றாள். "பேப்பர் வந்ததும்" என்றேன். பேப்பர் வந்தால் நான் இந்த நாட்டுக்காரி, அங்கே போக முடியாது என்பது அவளுக்குத் தெரியாது.

செல்லசாமி கடைசியாக என்ன சொன்னான்? எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அவன் சொன்னது: "கூரைத் தகரத்துக்குக் கல்லு வச்சிருக்கேன். காத்தடிச்சா பாத்துக்குங்க."


1959 ஓகஸ்ட் 21

சோறு மீந்துவிட்டது. நாலு பேருக்கு வடித்திருக்கிறேன்.


1960 டிசம்பர் 4

அழகம்மாவிடமிருந்து கடிதம். வால்பாறையில் அட்டைக்கடி அதிகமாம். எல்லாரும் சுகமாம். அங்கே அவர்களைச் 'சிலோன்காரங்க' என்கிறார்களாம். நீங்கள் ஒரு வரியாவது எழுதக்கூடாதா, அவர் தினமும் தபால்காரனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்று எழுதியிருக்கிறாள்.

எழுதவில்லை.


1961 மே 17

இந்தத் தரம் அவன் எழுத்து.

"அம்மாவுக்கு. சுகம். அன்னிக்கு ஒப்பீஸ்ல நீங்க கல்லை எடுத்தேன்னு சொல்லியிருந்தா உங்க பேருல பொலிஸ் எழுத்து விழுந்திருக்கும். உங்க மனு போயிருக்கும். கணக்குச் சரின்னு கையெழுத்துப் போட்டதால என் வேலை எப்படியும் போயிருக்கும், என் மனுவும் போயிருக்கும். நாலு பேருக்கும் ஊர் இல்லாமப் போயிருக்கும். ஒருத்தருக்காவது இருக்கட்டும்னு நினைச்சேன். நீங்க சொன்னா எடுபட்டிரும்னு தெரியும், நீங்க தேதியோட சொல்லுவீங்க. அதனால அப்படிச் சொல்ல வேண்டியதாப் போச்சு. மனசுல வச்சுக்காதீங்க."

இரண்டு தரம் வாசித்தேன். மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்கிறான். பெத்தவளைப் பற்றி இவ்வளவு தெரிந்தவனுக்கு அது தெரியவில்லை.

அப்படியென்றால் செப்டம்பரிலிருந்தே அவனுக்குத் தெரியும். கல்லைப் பார்த்த அன்றே. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை.


1961 ஜூலை 30

பழனியாண்டிக் கங்காணி செத்துவிட்டார். போனேன். மாரடித்து அழுதவர்கள் பதினான்கு பேர். அழுவது மாதிரி இருந்தவர்கள் ஆறு. நான் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். கோபமாக இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இல்லை. குடத்தைக் கவிழ்த்துப் பார்த்த மாதிரி.


1962 செப்டம்பர் 5

மேலே கொட்டகையைக் கழற்றுகிறார்கள். வெள்ளைக்காரர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். கம்பத்தை லொறியில் ஏற்றினார்கள். மண்ணுக்குள்ளிருந்த கம்பியையும் பிடுங்குகிறார்கள். ஏழாம் நம்பர் மலை, அறுவை செய்து தைக்காமல் விட்ட வயிறு மாதிரி கிடக்கிறது.

விமலசூரிய மாத்தயா வந்திருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டு லயத்துக்கே வந்தார். தலை நரைத்துவிட்டது. டீ கொடுத்தேன்.

"இப்ப இந்தக் கம்பி எல்லாம் வேணாம் அம்மே. வானத்தில பந்து விட்டிருக்காங்க. இங்கிலாந்துல பேசினா அமெரிக்காவுல கேக்குது. கடல்ல கப்பல் நின்னாலும் இனி அது வழியாத்தான்."

"அது ஒடைஞ்சா?"

"இன்னொண்ணு விடுவாங்க." டீயைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "உங்க மகன் அன்னிக்குச் சொன்னது பொய். எனக்கு அப்பவே தெரியும். கொட்டகையில மூணு வருஷத்துக்கு மேல வேலை செஞ்சான். வாயிலருந்து ஒரு வார்த்தை வெளியே போனதில்லை. அவன மாதிரி ஆள் கிடைக்காது."

"தெரிஞ்சும் ஏன் எழுதலை மாத்தயா?"

"அவன் எழுத வேணாம்னு கண்ணால சொன்னான். நீங்களும் பேசல."

அது சரி. நானும் பேசவில்லை.


1963 ஏப்ரல் 23

அரசாங்கக் கச்சேரிக்கு வரச்சொல்லிக் கடிதம். மனு ஏற்றுக்கொள்ளப்பட்டதாம். பன்னிரண்டு வருடம்.


1963 மே 6

நுவரெலியாக் கச்சேரி. இருந்தவர்கள்: கிளாக்கர் ஒருவர். சத்தியம் வாங்கிய ஐயா ஒருவர். என்னைப்போல் வந்தவர்கள் ஒன்பது பேர், அவர்கள் பெயர் கேட்கவில்லை. நான்.

இந்த நாட்டுக்கு உண்மையாக இருப்பேன் என்று சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். கை நீட்டினேன், பேப்பரைக் கொடுத்தார்கள். ஒன்பது பேரில் ஒருத்தி அழுதாள். கிளாக்கர் என்னிடம், "வீட்டுல எத்தனை பேர் அம்மா?" என்றார். ஒரு ஆள் என்றேன். "பிள்ளைங்க?" என்றார். இந்தியாவில் என்றேன். "அப்ப ஏன் இது?" என்று கேட்கவில்லை. நல்ல பையன். முத்திரையைக் குத்தினார்.

பஸ்ஸில் நோர்வூட்டில் இறங்கியதும் அன்ஸார் முதலாளி கடையை விட்டே இறங்கி வந்துவிட்டார். பேப்பரை விளக்கருகே பிடித்துப் படித்தார். "பேச்சியம்மா, கண்ணாடி போட்டுச் சுவர்ல மாட்டுங்க. நான் போட்டுத் தாரேன்." வேண்டாம் என்றேன். பெட்டியின் அடியில் வைத்திருக்கிறேன், சேலைக்குக் கீழே.

வீட்டுக்கு வந்து ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். வேறு வேலை இல்லை.

பழனியாண்டிக் கங்காணியை அவர் செத்த அன்றே விட்டுவிட்டேன். வீரய்யா, முத்துலிங்கம், சடையன்மார், பொங்கலை இரண்டு தரம் வாங்கின இராக்கன், எல்லாருக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது, விட்டுவிட்டேன். சின்னத்தம்பி மாதம் ஒருதரம் வந்து விறகு பிளந்து கொடுக்கிறான், பேசுவதில்லை, போகட்டும். வீரம்மா சட்டையைத் திருப்பித் தந்துவிட்டாள், கிழிந்துதான் இருந்தது. பேசாமல் நின்றவள் நான். என்னையும் எப்படியோ விட்டுவிட்டேன், இல்லையென்றால் தினமும் சோறு இறங்குமா?

பெத்தவளை நாலு பேர் முன்னால் ஞாபகம் தப்பினவள் என்று சொன்னான். அதுவும் எனக்காகச் சொன்னான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன், அதுதான் கேட்கவில்லை. எனக்கு ஊர் வாங்கிக் கொடுத்துவிட்டு அந்த ஊரில் என்னைத் தனியாக வைத்துவிட்டுப் போனான்.

அவனை மன்னிக்க மாட்டேன். செல்லசாமி.